பென்ஷனுக்கு முன் ஒரு சி.சி.என்.ஏ.

கடிதம் எழுதியவர் ராணுவத்தின் காலாட்படை பட்டாலியன் ஒன்றில் நாயக் பதவியில் இருக்கிறார். வயது 33, சொந்த ஊர் வேலூர் பக்கம். சிக்னல் பிளட்டூனில் ரேடியோ செட்டும் ஃபீல்டு டெலிபோன் லைனும் பார்க்கிறார். இப்போது ஃபீல்டில், உயரமான இடத்தில் போஸ்டிங். எந்த இடம், எந்த யூனிட் என்பதையெல்லாம் கடிதத்தில் எழுதியிருந்தார். அவற்றை அடித்துவிட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சர்வீஸ் 14 வருஷம் 3 மாதம். 15 முடிகிற அன்றே டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன், 'சி.சி.என்.ஏ. முடிச்சிட்டு வா, மீதியை நான் பாத்துக்கறேன்' என்று சொல்லியிருக்கிறார். சி.சி.என்.ஏ. என்பது சிஸ்கோ நிறுவனம் நடத்தும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு. அதற்குப் பயிற்சி தர ஒரு மையம் 85,000 ரூபாய் கேட்கிறது, வேலைக்கு உத்தரவாதமாம். அதற்கு ஏ.எஃப்.பி.பி. ஃபண்டிலிருந்து (படையினரின் வருங்கால வைப்பு நிதி) பணம் எடுக்கலாமா என்று கேட்கிறார். டெலிகிராம் குழு ஒன்றில் யாரோ 4,000 ரூபாய்க்கு 'அப்படியே வரும் கேள்விகள்' தருவதாகச் சொல்கிறார்கள். யூனிட்டில் யாருக்கும் தெரியாமல், பேரக்கில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் தேர்வு எழுதிவிடலாம் என்றும் நினைக்கிறார். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பெண் குழந்தைகள். கடைசி வரி இது: 'சார், பன்னிரண்டாவதுல நான் ஹிஸ்டரி குரூப். இதெல்லாம் எனக்கு வருமா?'

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் ஏற்பாடுதான்.

கம்பெனி போஸ்ட்டிலிருந்து ஹெட்குவார்ட்டருக்குப் போகும் லைன் ராத்திரி செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் உங்கள் கையில் இருக்கும் போனும் பேட்டரியும் சரியா என்று பார்ப்பீர்கள். பிறகு பாதி தூரம் நடந்து, நடு ஜாயின்ட்டில் போனை மாட்டி, கைப்பிடியைச் சுற்றுவீர்கள். ஹெட்குவார்ட்டர் எடுத்தால் அந்தப் பக்கம் சுத்தம். கோளாறு உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மீதியை மறுபடி பாதியாக்குவீர்கள். நெட்வொர்க் கோளாறு பார்ப்பவனும் இதையேதான் செய்கிறான். முதலில் தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே 127.0.0.1-க்குப் பிங் போடுகிறான் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பதுதான் பிங்), பிறகு நெட்வொர்க்கில் தன் முகவரியான ஐ.பி.க்கு, பிறகு வெளியே போகும் வாசலான கேட்வேக்கு, அதன்பின் அதைத் தாண்டி. எங்கே பதில் நிற்கிறதோ அங்கே தேடல் தொடங்குகிறது. இந்தப் புத்தியைப் புத்தகம் படித்து வாங்குவது கஷ்டம். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

எல்லோரும் பயப்படுவது சப்நெட் கணக்குக்கு, அதாவது நெட்வொர்க் முகவரிகளைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்குக்கு. ஒன்றைப் போட்டே பார்ப்போம். 192.168.10.77/27 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? மொத்தம் 32 பிட். 27 நெட்வொர்க்குக்குப் போய்விட்டது, மீதி 5. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. அப்படியானால் முகவரிகள் 32, 32 பேராக ஃபாலின் ஆகி நிற்கின்றன: 0-இல் ஒரு வரிசை தொடங்குகிறது, 32-இல் அடுத்தது, 64-இல் அடுத்தது, பிறகு 96. 77 எங்கே நிற்கிறது? 64-இல் தொடங்கும் வரிசையில். நெட்வொர்க் முகவரி 192.168.10.64. கடைசி ஆள் 95, அது பிராட்காஸ்ட், வரிசையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முகவரி. நடுவில் 65 முதல் 94 வரை 30 பேரைக் கருவிகளுக்குக் கொடுக்கலாம். இதில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் எங்கே வருகிறது? கூட்டல், பெருக்கல், பொறுமை. ஹிஸ்டரி குரூப் போதும். நான் பத்தாவதோடு பட்டாளத்துக்குப் போனவன். சிக்னல்ஸில் 20 வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை தேர்வில் தோற்றேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒரு நினைப்பை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். 14 வருஷ ரேடியோ அனுபவத்தை வெளியில் யாரும் 14 வருஷ நெட்வொர்க் அனுபவமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ரவுட்டிங், வி-லான், ஓ.எஸ்.பி.எஃப். போன்ற நெட்வொர்க் பாடங்கள் எல்லாம் உங்களுக்குப் புதிது. நீங்கள் புதியவராகத்தான் நுழைவீர்கள்.

15-ஆ, 16-ஆ?

15 வருஷத்தில் பென்ஷன் உறுதியாகிவிடும் என்பது சரி. அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வெளியே வரும் பேச்சு வேண்டாம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, அது உங்களுக்கே தெரியும். நீங்கள் கவனிக்காமல் விட்டது அடுத்த ஒரு வருஷத்தை. நமக்கு எம்.ஏ.சி.பி., அதாவது பதவி உயர்வு வராவிட்டாலும் தரப்படும் சம்பள உயர்வு, 8, 16, 24 வருஷங்களில் வருகிறது. சிப்பாயாகச் சேர்ந்து நாயக் என்ற ஒரே பதவி உயர்வோடு நிற்பவருக்கு 16 முடியும்போது இரண்டாவது உயர்வு கிடைக்கும், அதாவது அடுத்த பதவியான ஹவல்தாரின் சம்பள நிலை. பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி என்று கணக்காவதால், அந்த ஒரு படியின் வித்தியாசம் ஆயுள் முழுக்க மாதாமாதம் உங்கள் கணக்கில் விழும். உங்களுக்குப் பிறகு குடும்ப பென்ஷனிலும் அது தெரியும். 15-ஆவது வருஷக் கடைசி நாளில் கிளம்பினால் அதை விட்டுவிட்டுப் போகிறீர்கள். சித்தப்பா மகனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் ஹெட் கிளார்க்கிடம் ஷீட் ரோலை (உங்கள் சர்வீஸ் பதிவேடு) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை. சிவப்பு மை என்ட்ரி (தண்டனைப் பதிவு) ஏதாவது இருந்தால் அதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ் என்பது கேட்டவுடன் கிடைக்கும் உரிமையும் இல்லை. 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 13-ஆவது விதியைப் பாருங்கள். விண்ணப்பத்தை ஏற்பது பொருத்தமென்று கமாண்டிங் ஆபீசருக்கு, அதாவது சி.ஓ.வுக்கு, தோன்ற வேண்டும், யூனிட்டின் பலம் அதனால் அளவுக்கு மீறிக் குறையாது என்றும் அவருக்குத் திருப்தி வர வேண்டும். ஆக, யாருக்குத் தெரியாமல் படிக்கப் பார்க்கிறீர்களோ, அவர் கையெழுத்துக்காகத்தான் நாளைக்கு அர்ஜியோடு போய் நிற்கப்போகிறீர்கள்.

சி.ஓ. சாபுக்குத் தெரியாமல்

மறைத்துப் படிப்பதில் லாபமே இல்லை தம்பி. ஓய்வுக்குப் பிறகான வாழ்க்கைக்குப் படிப்பதை ராணுவம் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதற்கென்றே பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுகுடியமர்வுத் தலைமை இயக்குநரகம் என்று தனி அமைப்பு இருக்கிறது. நாம் டி.ஜி.ஆர். என்போம். கம்பெனி கமாண்டர் வழியாக ஓர் அர்ஜி கொடுங்கள்: என்ன படிக்கிறேன், என் செலவில் படிக்கிறேன், டியூட்டிக்கு இடைஞ்சல் வராது, சொந்த லேப்டாப் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். நாலு வரி போதும். அனுமதி எழுத்தில் வரட்டும். லேப்டாப்பை அனுமதிக்காத இடமென்றால் பேப்பரும் பென்சிலும் வைத்துப் படிப்போம், அதற்கும் வழி இருக்கிறது.

பேரக்கிலிருந்து ஆன்லைன் தேர்வு என்ற யோசனையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டிலிருந்து எழுதும் தேர்வுக்குத் தனி அறை வேண்டும், யாரும் உள்ளே வரக் கூடாது. தொடங்கும் முன் அறையை நான்கு பக்கமும் படமெடுத்து அனுப்ப வேண்டும். தேர்வு முழுக்கக் கேமரா ஓடும், அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஃபீல்டு ஏரியாவில் ராணுவ வளாகத்தின் உட்புறத்தை நீங்களே வெளிநாட்டு சர்வருக்குப் படமெடுத்து அனுப்பியதாக ஆகிவிடும். அதன்பின் சி.சி.என்.ஏ. பற்றி யாரும் பேச மாட்டார்கள், கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணை) பற்றித்தான் பேசுவார்கள். லீவில் வாருங்கள், சென்னையில் தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

இதையொட்டி இன்னும் இரண்டு விஷயம். யூனிட்டின் சுவிட்சிலோ ரவுட்டரிலோ 'சும்மா ஒரு கமாண்ட்' போட்டுப் பார்க்காதீர்கள். யூனிட் நெட்வொர்க்கின் படத்தை உதாரணத்துக்காகக்கூட நோட்டில் வரையாதீர்கள். அலுவல் ரகசியச் சட்டம் 1923-இலிருந்து இருக்கிறது, பயிற்சி நோட்டுக்கு அதில் விதிவிலக்கு கிடையாது. இரண்டாவது, அந்த டெலிகிராம் குழு. 2020-இல் ராணுவம் 89 செயலிகளை ஜவான்களின் போனிலிருந்து அழிக்கச் சொன்னது நினைவிருக்கும். அப்படிச் சொல்லக் காரணமும் இருந்தது. படிப்புக் குழுவில் ஒருவர் நட்பாகப் பேச்சுக் கொடுத்து, 'உங்க இடத்துல என்ன மாடல் சுவிட்ச் பிரதர்?' என்று கேட்டால் அது பாடம் சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரியே தெரியும். முன்பின் பார்த்திராத எனக்கே ஒரு கடிதத்தில் யூனிட் பெயரையும் இடத்தையும் எழுதிவிட்டீர்கள். அவற்றை நான் அடித்தது இதனால்தான். இன்றே அந்தக் குழுவிலிருந்து வெளியே வாருங்கள். வேலை தேடும் தளங்களில் படத்தோடும் யூனிட் பெயரோடும் கணக்குத் திறப்பதெல்லாம் டிஸ்சார்ஜ் புத்தகம் கைக்கு வந்த பிறகு.

85,000-மும் 4,000-மும்

தேர்வுக் கட்டணம் 300 டாலர், அதன்மேல் வரி. நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல் போகும். வேறு எந்தச் செலவும் கட்டாயமில்லை. முன்தகுதி எதுவும் கேட்பதில்லை, எந்த மையத்தின் சான்றிதழும் தேவையில்லை. பயிற்சிக்கான பாக்கெட் டிரேசர் மென்பொருளை சிஸ்கோவே இலவசமாகக் கொடுக்கிறது. அதில் ரவுட்டர், சுவிட்ச், கேபிள் எல்லாம் திரையிலேயே கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் சிஸ்கோவின் பழைய 2960 மாடல் சுவிட்ச் ஒன்று வாங்கினால் கை பழகும் என்று சிலர் சொல்வார்கள். ஆசையாக இருந்தால் வாங்கி வீட்டில் வையுங்கள், தேர்வுக்கு அவசியமில்லை.

'வேலைக்கு உத்தரவாதம்' என்பதை அந்த மையத்திடம் எழுதிக் கேளுங்கள்: எந்த வேலை, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும்? பெரும்பாலும் பதில் வராது. வந்தால் 'நேர்காணல் வாய்ப்பு ஏற்பாடு' என்று வரும். ஏ.எஃப்.பி.பி. ஃபண்டைத் தொடாதீர்கள். அது உங்கள் பெண்களின் படிப்புக்கான பணம். ஓய்வை நெருங்கும் ஜவான்களுக்கு டி.ஜி.ஆர். நடத்தும் பயிற்சிகளில் ஜே.சி.ஓ.க்களும் (சுபேதார் போன்றவர்கள்) அவர்களுக்குக் கீழே உள்ள மற்ற ரேங்க்குகளும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் காலத்தில் எந்தெந்தக் கோர்ஸ் வருகிறது என்பதை யூனிட்டில் கேட்டு வைத்துக்கொண்டு, யூனிட் வழியாகவே விண்ணப்பியுங்கள்.

டம்ப்ஸ், அதாவது அந்த 4,000 ரூபாய்த் திருட்டுக் கேள்விகள் விஷயத்தில் நியாயம் பேசப் போவதில்லை, தொழில் பேசுகிறேன். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதத் தடையும் வரும். பிடிபடாவிட்டால் என்னைப் போன்ற ஒருவன் முன்னால் வந்து உட்காருவீர்கள். நான் கேட்பது ஒரே கேள்வி: 'மூன்றாவது மாடியில் ஒருவருக்கு மட்டும் இன்டர்நெட் வரவில்லை. எழுந்து எங்கே போவீர்கள்?' விடைகளை மனப்பாடம் செய்தவர் டி.என்.எஸ். (இணையதளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) என்று ஆரம்பிப்பார். லைன் பார்த்தவர், 'பக்கத்து சீட்டுக்காரருக்கு வருதா சார்?' என்று திருப்பிக் கேட்பார். எனக்கு அந்த ஆள்தான் வேண்டும்.

மேலே உட்கார்ந்து எப்படிப் படிப்பது

தேர்வு எண் 200-301, நேரம் 120 நிமிஷம், நாம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழும் கிடையாது, இந்தியும் கிடையாது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. நான் தோற்றதே அதனால்தான். 'அப்புறம் பார்க்கலாம்' என்று பழகிய புத்தி, சப்நெட் கேள்விகளில் நேரத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் தவித்தேன். தேர்வில் ஒவ்வொரு பாடத்தின் பங்கு இது: ஐ.பி. இணைப்பு, அதாவது ரவுட்டிங், 25 சதவீதம். அடிப்படைகள் 20, நெட்வொர்க் அணுகல் 20, பாதுகாப்பு 15, ஐ.பி. சேவைகள் 10, தானியங்கி முறைகள் 10. முதல் மூன்றிலேயே 65 வந்துவிடுகிறது. நெட் கிடைக்காத மாதங்களில் அந்த மூன்றையும் புத்தகத்திலேயே படியுங்கள். ஒரு நல்ல ஆங்கிலப் புத்தகம் போதும், மூன்று வாங்க வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். புரியாத வார்த்தையை ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பயம் இரண்டாவது மாதம் தானாகக் குறையும். தேர்வில் வருவது 200, 300 சொற்களே திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலம்.

ரோல்கால் முடிந்து லங்கரில் (ஜவான்களின் சாப்பாட்டுக்கூடம்) சாப்பிட்ட பிறகு பாக்கெட் டைரியில் தினமும் ஐந்து சப்நெட் கணக்கு. மேலே போட்டது மாதிரிதான், எண்களை மட்டும் மாற்றுங்கள். /20 போட்டுப் பாருங்கள், மூன்றாவது எண்ணில் 16, 16-ஆக வரிசை நிற்கும். ஒரு கணக்கை அரை நிமிஷத்தில் முடிக்க வரும்வரை விடாதீர்கள். சென்ட்ரி டியூட்டியில் மட்டும் டைரி வெளியே வரக் கூடாது, அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் 'கலெக்டர் சாப்' என்று கூப்பிடுவார்கள். என்னை 'புரொஃபசர்' என்றார்கள். அதில் இரண்டு பேர் பிறகு என்னிடமே நோட்டு கேட்டு வாங்கிப் போனார்கள்.

லேப்டாப்புக்கு அனுமதி கிடைத்தால், பாக்கெட் டிரேசரை லீவிலேயே இறக்கி நிறுவிவிடுங்கள். அது கணக்கோடு உள்நுழையச் சொல்லும், இன்டர்நெட் இல்லாமல் திறக்கிறதா என்று ஊரிலேயே சோதித்துவிட்டு மேலே கொண்டுபோங்கள். தினமும் ஒரு லேப், அதாவது செய்முறைப் பயிற்சி, போடாவிட்டால் கமாண்டுகள் கையில் நிற்காது.

தேர்ச்சி மூன்று வருஷம் செல்லும். அவசரப்பட்டு எழுதிவிட்டு அது பெட்டியில் கிடந்து காலாவதியாக வேண்டாம். இப்போது படிக்கத் தொடங்கி, அடுத்த வருஷம் லீவில் எழுதினால், 16 முடித்து வரும்போது சான்றிதழ் புதிதாகவே இருக்கும்.

வெளியே வந்த பிறகு

15 வருஷ சர்வீஸ் இருந்தால் பட்டதாரிக்குச் சமம் என்று எழுதியிருக்கிறீர்கள். அரைகுறை உண்மை. அந்தச் சலுகை மத்திய அரசின் குரூப் சி பதவிகளுக்கானது, அதுவும் தொழில்நுட்பத் தகுதி கட்டாயமில்லாத இடங்களில். பெங்களூர் கம்பெனியின் எச்.ஆர். அதை ஏற்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பல கம்பெனிகள் ஏதோ ஒரு டிகிரி கேட்கத்தான் செய்யும். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. பட்டப்படிப்புக்குப் பதிந்துவிடுங்கள். சி.சி.என்.ஏ. முடியும்வரை அது மெதுவாக ஓடட்டும், முடிக்க அவகாசம் நிறையத் தருவார்கள். அரசு வேலைக் கதவையும் சாத்தாதீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசுத் துறைகளின் குரூப் சி-யில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு இருக்கிறது. பென்ஷன் தகுதிக்குப் பிறகு சொந்த விருப்பத்தில் வெளியே வந்தவரும் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருவார். ஒப்பந்தக் காலம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.

தனியாரில் உங்கள் முதல் வேலை அநேகமாக நைட் ஷிஃப்ட்டில், திரையில் சிவப்பு விளக்கு எரிந்தால் டிக்கெட் போடும், அதாவது கோளாறைப் பதிவு செய்யும் வேலையாக இருக்கும். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகக்கூடத் தொடங்கலாம், பென்ஷன் சேர்ந்தால்தான் வீட்டுக் கணக்கு நேராகும். டீம் லீடருக்கு 25 வயது இருக்கும். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நீங்கள் வாய் தவறி 'சாப்' என்பீர்கள். ஆறு மாதம் இது உறுத்தும். ராத்திரி முழித்திருப்பதும், நடந்ததை நேரம் போட்டு லாக் புத்தகத்தில் எழுதுவதும், அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒழுங்காக ஒப்படைப்பதும் அங்கே பலருக்கு வராது. உங்களுக்கு அது பழகிய வேலை.

கடைசியாக, லீவு நாட்களைப் பற்றி. தேர்வுக்குப் பதியும்போது பெயர் விஷயத்தில் கவனம். நம் இனிஷியல் தேர்வு நடத்துபவர்களுக்குப் புரியாது, முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருப்பார்கள். பாஸ்போர்ட்டிலோ ஓட்டுநர் உரிமத்திலோ எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். நான் இனிஷியலை மட்டும் போட்டுவிட்டு, அட்டையில் அப்பா பெயர் முழுசாக இருந்ததால் மைய வாசலிலிருந்தே திரும்பி வந்திருக்கிறேன். வருடாந்திர லீவு 60 நாளில் முதல் பத்து நாள் புத்தகத்தைத் திறக்காதீர்கள், பெண்களோடு இருங்கள். தேர்வைக் கடைசி வாரத்தில் போட வேண்டாம், ஐந்தாவது வாரத்தில் போடுங்கள். தவறினால் ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள், கட்டணமும் முழுசாகக் கட்ட வேண்டும். ரயில் ஏறுவதற்குள் இன்னொரு முறை எழுத நாளும், அதற்கான பணமும் கையில் இருக்கட்டும்.